ஓமந்தையில் பின்னோக்கிப் போன அரை மணி

2003ஆம் ஆண்டில் வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குப் போன எவரும் வழியில் தம் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் சூனியப் பிரதேசம். அதற்கும் அப்பால் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சோதனைச் சாவடி. தெற்குப் பக்கத்தைக் காலை ஒன்பது மணிக்கு விட்டுப் புறப்பட்ட ஒருவர் இருபது நிமிடத்தில் அடுத்த பக்கத்தை அடைந்தால் அங்கே மணி 8.50. புறப்பட்ட நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்! யாழ்ப்பாணம் வரை பயணத்தைத் தொடர்ந்தால், முகமாலையில் அந்த அரை மணி மறுபடி மணிக்கூட்டில் ஏறிக்கொள்ளும்.

இந்தப் புதுமையின் தொடக்கம் ஒரு மின்வெட்டு. 1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கங்கள் வற்றின. மாலையில் விளக்கேற்றும் நேரத்தைத் தள்ளிப் போட்டால் மின்சாரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்ட அரசாங்கம், அவ்வாண்டு மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளியது. கிரீனிச் நேரத்தைவிட ஐந்தரை மணிநேரம் முந்தியிருந்த இலங்கை, ஆறரை மணிநேரம் முந்தியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணி குறைக்கப்பட்டு ஆறு மணிநேரம் என்று நிலைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, புத்தாண்டுக்கு மறுநாள், நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஒரு சிறிய தீவுக்குள் இரண்டு நேரங்கள் ஓடின.

காலப்பயண மர்ம நாவல் ஒன்றை வன்னியில் இருந்து படிக்கிற வாசகருக்கு இதனால் ஒரு தனிச் சலுகை உண்டு. மற்ற ஊர்களில் கற்பனையாக இருக்கும் அடிப்படைக் கேள்வி, இங்கே பஸ் பயணத்தில் கேட்கப்பட்ட கேள்வி: எந்த நேரம் சரியான நேரம்?

துப்பறியும் கதை முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. கொலை நடந்தது ஏழு மணிக்கு. சந்தேகப்படும் ஆள் ஏழு மணிக்குப் பத்து மைல் தள்ளி இருந்தார். ஆகவே அவர் கொலையாளி அல்லர். இந்த வாதம் செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு இடங்களிலும் உள்ள ஏழு மணி ஒன்றாக இருக்க வேண்டும். 2003இல் ஓமந்தைச் சாட்சி ஒருவர் "ஆறே கால்" என்றும் புளியங்குளத்துச் சாட்சி ஒருவர் "ஆறு" என்றும் சொல்லியிருந்தால், எண்ணை மட்டும் பார்ப்பவர் புளியங்குளத்துச் சம்பவமே முந்தியது என்று எழுதிவிடுவார். புளியங்குளத்து ஆறு மணி ஓமந்தையில் ஆறரை மணி. ஓமந்தைச் சம்பவம்தான் கால் மணி முந்தியது. மணிக்கூட்டு எண்ணை மாற்றினால் வரிசை கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் நடந்தவற்றின் வரிசை மாறாது. நல்ல துப்பறிவாளர் எண்ணை விட்டுவிட்டு வரிசையைப் பிடிப்பார்.

நேரம் என்பது பெரும்பாலும் ஊர் கூடிச் செய்த ஒப்பந்தம். இலங்கையில் அந்த ஒப்பந்தம் அடிக்கடி திருத்தப்பட்டிருக்கிறது. 1906இல்தான் ஐந்தரை மணிநேரக் கணக்கு வந்தது. அதற்கு முன்னர் ஐந்து மணி 19 நிமிடம் 32 செக்கன் என்ற உள்ளூர்க் கணக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இருமுறை நேரத்தை முன்னுக்குத் தள்ளி, 1945இல் பழையபடி ஆக்கினார்கள். சூரியன் இவை எதையும் பொருட்படுத்தவில்லை. கிளிநொச்சி கிழக்கு நெடுங்கோடு 80.4 பாகையை ஒட்டி இருப்பதால், பழைய நேரத்தின்படி அங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஆண்டுச் சராசரியாக 12 மணி 8 நிமிடமளவில். புது நேரத்தில் அது 12.38. தை மாதக் கடைசியில் கிளிநொச்சியில் பொழுது விடிவது பழைய நேரம் ஆறரைக்கு. தெற்கே புது நேரத்தில் வாழ்ந்த பிள்ளைகள், ஏழரை மணிப் பாடசாலைக்கு இருட்டோடு எழுந்து புறப்பட்டார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு விடியற்காலையில் விளக்கேற்ற வைத்தது. அந்த வகையில் வன்னியின் பழைய நேரமே சூரியனுக்கு அருகில் நின்றது.

காலப்பயணக் கதையை இன்றைய வடிவில் தொடக்கி வைத்தவர் எச்.ஜி.வெல்ஸ். அவருடைய 'த டைம் மெஷின்' 1895இல் வெளிவந்தது. அதில் மர்மம் குறைவு. மர்மத்தையும் காலத்தையும் இறுக்கி முடிந்த அண்மைக்கால நாவல், 2018இல் வந்த ஸ்ருவர்ட் டேர்ட்டனின் 'த செவன் டெத்ஸ் ஒஃப் எவ்லின் ஹார்ட்காஸில்'. ஒரு மாளிகை, ஒரு நாள், ஒரு மரணம். கதாநாயகன் அதே நாளை எட்டு வேறு ஆட்களின் உடல்களுக்குள் இருந்து எட்டு முறை வாழ்ந்து கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் இரசிகர்களுக்கு 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை', 2021இல் வந்த 'மாநாடு' ஆகிய திரைப்படங்கள் இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டன. டேர்ட்டனின் நாவலை அந்தத் திரைப்படங்களிலிருந்து பிரித்து நிறுத்துவது அதன் நிதானம். ஒரே நிகழ்வை எட்டுப் பேர் பார்த்தால் எட்டு உண்மைகள் கிடைக்கும், அந்த எட்டையும் ஒரே வரிசையில் வைக்க முடியுமா என்று அது பொறுமையாகக் கேட்கிறது. இதே கேள்வியைப் பௌதிகவியல் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே கேட்டது.

1905இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன், தூரமாக நடக்கும் இரு நிகழ்வுகள் ஒரே வேளையில் நடந்தனவா என்பது பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்தது என்று காட்டினார். இது ஓமந்தையின் அரை மணியைப் போன்ற ஒப்பந்தக் குழப்பம் அல்ல. எல்லா மணிக்கூடுகளையும் பிழையின்றிச் சரிசெய்த பிறகும் எஞ்சுகிற வேறுபாடு. வேகமாகச் செல்பவர் ஒருவர் 'அ' முந்தியது என்பார், நிலத்தில் நிற்பவர் 'ஆ' முந்தியது என்பார், இருவரும் சரி.

அப்படியானால் துப்பறிவாளரின் பாடு என்ன? பயப்பட வேண்டியதில்லை. ஒரு நிகழ்விலிருந்து ஒளி புறப்பட்டு மற்றதை எட்டுவதற்கு நேரம் இருந்தால், அந்த இரண்டின் வரிசையை எந்த வேகத்தில் செல்பவரும் மாற்றிப் பார்க்க முடியாது. ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடையே 100 கிலோமீற்றருக்கும் குறைவு. ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் போகிறது. அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் மூவாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அவ்வளவு சிறிய இடைவெளிக்குள் நடந்தவற்றின் வரிசைதான் தடுமாறக்கூடியது. அதைவிட இடைவெளி கூடிய எதிலும் காரணம் முன்னே, விளைவு பின்னே. வெடிச்சத்தம் முன்பா வீழ்ந்தது முன்பா என்பதில் அண்டம் முழுவதும் ஒரே தீர்ப்புத்தான்.

எதிர்காலத்துக்குப் பயணம் செய்வது உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது, மிகச் சிறிய அளவில். 1971இல் ஹஃபேலே, கீற்றிங் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் அணு மணிக்கூடுகளை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தபோது, நிலத்தில் இருந்த மணிக்கூடுகளுக்கும் அவற்றுக்கும் இடையில் ஐன்ஸ்டைன் சொன்னபடியே வேறுபாடு இருந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்து திரும்புபவர் பூமியில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்கு இளமையாகத் திரும்புகிறார்.

இந்தச் சிறு வேறுபாட்டை நம்பி வன்னியில் மனிதர்கள் காலடி எடுத்து வைக்கிறார்கள். ஜிபிஎஸ் செய்மதிகள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் அவற்றின் மணிக்கூடுகள் நாளொன்றுக்கு 45 மைக்ரோ செக்கன் விரைகின்றன. வேகத்தால் 7 மைக்ரோ செக்கன் தாமதிக்கின்றன. மிச்சம் 38 மைக்ரோ செக்கன். ஒரு மைக்ரோ செக்கன் என்பது செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒளி அதற்குள் 300 மீற்றர் போய்விடும். இந்த 38ஐத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடக் கணிப்புப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பிழைத்துப் போகும். கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் கண்ணிவெடி அகற்றுபவர்கள், அவர்களுள் பல பெண்கள், ஆபத்தான நிலத்தின் எல்லைகளை ஜிபிஎஸ் கொண்டே வரைபடத்தில் குறிக்கிறார்கள். வெடி எடுத்த நிலம் எது, எடுக்காத நிலம் எது என்று அந்தக் கோடு சொல்கிறது. ஒரு காலத்தில் மணிக்கூடுகள் அரை மணி மாறிய அதே முகமாலையில், இன்று பத்து இலட்சத்தில் ஒரு பங்கு செக்கனும் கணக்கில் சேர்கிறது.

கடந்தகாலத்துக்குத் திரும்புவது வேறு கதை.

1949இல் ஐன்ஸ்டைனின் எழுபதாம் பிறந்தநாளையொட்டிக் கணிதவியலாளர் குர்ட் கேடல் ஒரு விசித்திரமான தீர்வை முன்வைத்தார். அண்டம் முழுவதும் சுழன்றுகொண்டிருந்தால், புறப்பட்டவர் தம் கடந்தகாலத்துக்கே திரும்பி வரும் பாதைகள் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் உண்டு. நம் அண்டம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 1980களில் கார்ல் சேகன் தமது 'கொன்டாக்ட்' நாவலுக்காகக் கேட்ட ஒரு கேள்வி, பௌதிகவியலாளர் கிப் தோர்னைப் புழுத்துளைகளை ஆராய வைத்தது; 1988இல் அவர் எழுதிய கட்டுரைகள், எதிர்மறைச் சக்தி கொண்ட விநோதப் பொருள் கிடைத்தால் புழுத்துளையைக் கால இயந்திரமாக்கலாம் என்றன. அப்படிப்பட்ட பொருள் கைக்குக் கிடைக்கவில்லை. கடந்தகாலத்துக்குப் போகும் வழிகளை இயற்கையே அடைத்துவிடும் என்று ஸ்டீபன் ஹோக்கிங் 1992இல் ஊகித்தார். 2009 ஜூன் 28ஆம் திகதி காலப் பயணிகளுக்கு அவர் ஒரு விருந்து வைத்து, அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். யாரும் வரவில்லை.

நாவலாசிரியர்களுக்கு மிகவும் பயன்பட்டது ரஷ்யப் பௌதிகவியலாளர் இகோர் நோவிகோவின் கருத்து. கடந்தகாலத்துக்கு ஒருவர் போக முடிந்தாலும் அங்கே அவர் எதையும் மாற்ற மாட்டார். அவர் அங்கே செய்வதெல்லாம் ஏற்கெனவே நடந்தவற்றின் பகுதியாகவே இருக்கும். தாத்தாவைக் கொல்லப் போனவரின் துவக்கு எப்படியாவது சிக்கிக்கொள்ளும். நிதானமான காலப்பயண மர்மக் கதைகளில் சிறந்தவை இந்த விதிக்கு உட்பட்டவை. அவற்றில் பயணி இறந்தவரைக் காப்பாற்ற மாட்டார்; என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் இருந்தார் என்று அறிந்து திரும்புவார். இறந்தவரை மீட்டுத் தரும் கதைகளைவிட இந்தக் கதைகள் நேர்மையானவை. வன்னியில் இப்படியான நாவலை மூடி வைக்கும் வாசகர் பலருக்கு, அது கேட்ட கேள்வி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியிலும் 24ஆம் திகதி வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரப் போராட்டங்களைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்பதும் அதே மூன்று: என்ன நடந்தது, எப்போது, யார் இருந்தார்.

இதற்கு விடை தேடும் கருவிகள் உண்டு. அவை கடந்தகாலத்துக்கு ஆளை அனுப்புவதில்லை; கடந்தகாலம் விட்டுச் சென்ற அணுக்களை வாசிக்கின்றன.

உயிரோடு இருக்கும்வரை மனிதர் உணவு வழியாகக் காபன்-14 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார். இறந்ததும் வரவு நின்று, இருப்பது மட்டும் தேயத் தொடங்குகிறது. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் எப்போது இறந்தார் என்று சொல்லலாம். கீழடியில் எடுத்த கரித்துண்டுகளை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடம் இவ்வாறு அளந்தது. அவற்றுள் ஒன்று கி.மு. 580ஐக் காட்டியதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அதே ஆண்டு அதே ஆய்வுகூடம் மன்னாரிலிருந்து போன எலும்புகளையும் அளந்தது. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அனுப்பிய ஆறு மாதிரிகளும் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று விடை வந்தது.

தம் பிள்ளைகள் அங்கே இருக்கலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த எண்களை நம்புவது கடினமாக இருந்தது. அவர்களுடைய ஐயத்துக்கு அறிவியல் மரியாதையோடு பதில் சொல்லலாம். முதலாவது, இந்த வீச்சு ஏன் இவ்வளவு அகலம்? காற்றில் காபன்-14இன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருக்கவில்லை. மர வளையங்களைக் கொண்டு வரைந்த திருத்தக் கோடு பதினாறாம் நூற்றாண்டுப் பகுதியில் வளைந்து நெளிந்து ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே ஒரே அளவீடு பல பத்தாண்டுகளுக்குப் பொருந்திவிடும். இரண்டாவது, கடலுணவு அதிகம் உண்பவர்களின் எலும்பு உண்மையைவிடப் பழையதாகக் காட்டும், ஏனென்றால் கடல்நீரின் காபன் பழையது. கரையோர ஊர்களின் மாதிரிகளுக்கு இதற்கான திருத்தம் தேவை. ஆனால் இந்த இரண்டு காரணங்களாலும் 1990களில் இறந்த ஒருவரைப் பதினைந்தாம் நூற்றாண்டுக்காரராகக் காட்ட முடியாது. அதே வேளை ஆறு மாதிரிகள் அந்த ஆறு பேரைப் பற்றித்தான் பேசுகின்றன. முந்நூறு பேர் கொண்ட குழியில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த ஆழத்திலிருந்து எடுத்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

அண்மைக்கால மரணத்தை அடையாளம் காட்டும் கருவி, அணுகுண்டுகளின் தயவால் வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணு வெடிப்புகள், வடவரைக்கோளத்தின் காற்றில் காபன்-14ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. 1963இல் அத்தகைய சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை வந்த பிறகு அது ஆண்டுக்காண்டு இறங்கியது. 1990களின் நடுப்பகுதியில் பழைய அளவைவிடப் பத்து வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அந்தக் காற்றை உண்ட நெல்லும் அந்த நெல்லை உண்ட மனிதரும் அதே அளவைத் தாங்கினார்கள். பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் பிறகு புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே அதிலுள்ள காபன்-14, அந்த எனாமல் உருவான ஆண்டைச் சொல்லி, அதன் வழியே ஒருவரின் பிறந்த ஆண்டையும் சொல்லிவிடும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் இதை ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடிய பிழையோடு செய்து காட்டினார்கள். கோடு ஏறும் பக்கத்திலும் இறங்கும் பக்கத்திலும் ஒரே அளவு இருமுறை வருமே என்ற சிக்கலுக்கும் வழி உண்டு: வெவ்வேறு வயதில் உருவாகும் இரண்டு பற்களை அளந்து ஒப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முடியும் நகமும் கிடைத்தால் இறந்த ஆண்டையும் நெருங்கலாம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் இறுதியில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலம் வெட்டியபோது இன்னொரு புதைகுழி வெளிப்பட்டது. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ, உடல்கள் 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். மன்னாரின் 230 ஆண்டு வீச்சுக்குப் பக்கத்தில் இந்த இரண்டாண்டு வீச்சு எவ்வளவு கூர்மையானது! தென்னிலங்கையின் மணிக்கூடுகள் முன்னுக்குத் தள்ளப்பட்ட ஆண்டும் அதற்குள் வந்துவிடுகிறது.

காலம் தெரிந்தால் தேடல் பாதி குறையும். எந்த ஆண்டுகளில் காணாமல் போனவர்களின் பட்டியலை எடுப்பது என்று தெளிவாகும். மிச்சப் பாதி, பெயர். அதற்கு மரபணு வேண்டும். தாயின் இழைமணி மரபணு மாறாமல் பிள்ளைக்குப் போகிறது. தாய் தந்தை இருவரின் மாதிரியும் இருந்தால் ஒரு எலும்பு யாருடையது என்பதை மிக உறுதியாகச் சொல்லலாம். பெற்றோர் இல்லாவிட்டால் சகோதரர்களைக் கொண்டும் செய்யலாம், ஆனால் உறுதி குறையும், கூடுதல் உறவினர்கள் தேவைப்படுவார்கள். போராட்டக் கொட்டகைகளில் இருந்த பெற்றோர்கள் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். ஒரு தாயின் கன்ன உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுக்க ஒரு நிமிடம் போதும். உலர்த்திச் சரியாகப் பேணினால் அது பல ஆண்டுகள் கெடாது. இந்தத் தேடலுக்கென அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இலேயே நிறைவேறிவிட்டது. பொருத்திப் பார்க்க எலும்புகள் கிடைப்பது நாளையாகவும் இருக்கலாம், இருபது ஆண்டுகள் கழித்தும் இருக்கலாம். வன்னியின் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் முதியவர்களின் மாதிரிகளைச் சேகரிக்கும் வேலை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அவர்களுடைய சம்மதத்தோடும், மாதிரி அவர்களுக்கு எதிராக ஒருபோதும் பயன்படாது என்ற சட்டப் பாதுகாப்போடும், அதை இந்த ஆண்டே தொடங்க முடியும்.